போன் நம்பர் கேட்காத தளங்கள்

பள்ளிப்பட்டு பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் என் சித்தப்பா மகன் ஒரு டிடிபி கடை நடத்துகிறான். கல்யாணப் பத்திரிகை, ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, தேர்வு விண்ணப்பம் எல்லாம் அங்கே நடக்கும். போன ஐப்பசியில் ஒரு இரவு, ஷட்டரை இறக்கும் நேரத்துக்கு ஒரு பெண் ஓடி வந்தாள். அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். போட்டோ 50 கேபிக்குள் இருக்க வேண்டும். அவளிடம் இருந்தது போனில் எடுத்த 3 எம்பி படம். வீட்டிலேயே ஏதோ ஒரு தளத்தில் ஏற்றிச் சுருக்கப் பார்த்திருக்கிறாள். படத்தை வாங்கிக்கொண்ட அந்தத் தளம், திருப்பித் தருமுன் போன் நம்பர் கேட்டது. நம்பரைக் கொடுத்ததும் ஓடிபி கேட்டது. ஓடிபியையும் கொடுத்த பிறகு பணம் கேட்டது.

விண்ணப்பம் அன்றிரவே போய்விட்டது. ஆனால் அடுத்த இரண்டு மாதம், கடன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்புகள் அவள் போனில் ஓயவில்லை.

அவள் செய்ய நினைத்த வேலைக்கு ஒரு காசு செலவில்லை. நம்பர் கேட்காமல், படத்தை யாருக்கும் அனுப்பாமல், அரை நிமிடத்தில் அதை முடித்துத் தரும் தளம் ஒன்று 2018 முதலே இருக்கிறது. அது அவள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். தேடுபொறியில் காசு கொடுத்தவர்கள் மேலே வருகிறார்கள். நல்ல தளங்கள் பல கீழே கிடக்கின்றன. அவற்றைத் தோண்டி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு. புக்மார்க் என்ற பழைய வசதி இன்றும் தேவைப்படுவது இதற்காகத்தான்.

மூன்று வாரம் உட்கார்ந்து, நாற்பதுக்கும் மேற்பட்ட தளங்களைக் கடைக் கம்ப்யூட்டரிலும் என் போனிலும் ஓட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் எட்டு வயதானது. போன் 4 ஜிபி ரேம் கொண்ட சாதாரண ஆண்ட்ராய்டு. நான் வைத்துக்கொண்ட நிபந்தனைகள் மூன்று. முக்கியமான வேலையைச் செய்ய நம்பரோ மின்னஞ்சலோ கேட்கக் கூடாது. எதையும் இன்ஸ்டால் செய்யச் சொல்லக் கூடாது. எங்கள் ஊரில் ஒருவருக்காவது நிஜமாகவே உதவ வேண்டும். தேறியவற்றை இங்கே தருகிறேன்.

போட்டோவைச் சுருக்க: ஸ்குவூஷ்

அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது இதுதான். ஸ்குவூஷ் டாட் ஆப் என்பது முகவரி. கூகுளின் குரோம் குழுவினர் உருவாக்கியது. பக்கத்தைத் திறந்து படத்தைக் கொடுத்தால், திரை நடுவில் ஒரு கோடு விழும். கோட்டுக்கு இடப்புறம் பழைய படம், வலப்புறம் சுருக்கிய படம். கோட்டை விரலால் இழுத்து முகத்தின் மேல் வைத்துப் பார்த்தால், சுருக்கியதில் எவ்வளவு தெளிவு போயிருக்கிறது என்பது கண்முன் தெரிந்துவிடும்.

என் படம் ஒன்றைக் கொண்டு செய்து பார்த்தேன். அளவை மாற்றும் கட்டத்தை டிக் செய்து, அகலத்தை 400 பிக்சல் ஆக்கினேன். வகையில் ஜேபெக்கைத் தேர்ந்தெடுத்து, தரத்தை 70க்குக் கொண்டுவந்தேன். கீழே படத்தின் அளவு நகர்த்த நகர்த்த மாறிக்கொண்டே வந்து 50 கேபிக்கு நன்றாகக் கீழே நின்றது. முகம் தெளிவாகவே இருந்தது. கையெழுத்துப் படத்துக்கும் இதே வழிதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. படம் எங்கும் போவதில்லை. சுருக்கும் வேலை முழுவதும் நம் கருவியிலேயே நடக்கிறது. இதை நம்பச் சொல்லவில்லை. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பக்கம் முழுதாகத் திறந்ததும் போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். இணையம் அறுந்துவிட்டது. இப்போது படத்தைக் கொடுத்துச் சுருக்குங்கள். வேலை நடந்தால், அதற்காகப் படம் உங்கள் போனை விட்டு வெளியே போகவில்லை என்று பொருள். நின்றுவிட்டால், அந்தத் தளம் படத்தைத் தன் சர்வருக்கு அனுப்பித்தான் வேலை செய்கிறது என்று சந்தேகிக்கலாம். ஆதார், பான், மார்க் ஷீட், பத்திரம் ஆகியவற்றை எந்தத் தளத்தில் ஏற்றும் முன்பும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். இந்தக் கட்டுரையில் வேறெதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

குறைகளும் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு படம்தான். இத்தனை கேபி வேண்டும் என்று நேரடியாகச் சொல்ல முடியாது. தரத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் வர வேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. இரண்டு முறை செய்தால் கை பழகிவிடும்.

டிடிபி கடைக்கு இரண்டு: ஃபோட்டோபீ, பொங்குதமிழ்

ஃபோட்டோபீ டாட் காம் என்பது பிரவுசரிலேயே ஓடும் போட்டோஷாப் போன்றது. இவான் குட்ஸ்கிர் என்ற ஒற்றை நிரலாளர் 2013இல் வெளியிட்டு, இன்றுவரை வளர்த்துவரும் தளம். பிளக்ஸ் பேனர் அடிப்பவர்கள் அனுப்பும் பிஎஸ்டி கோப்பைக் கொடுத்தேன். லேயர் லேயராகப் பிரிந்து அப்படியே திறந்தது. பெயரை மாற்றி, போட்டோவை மாற்றி, மறுபடி பிஎஸ்டியாகவே சேமித்தேன். ஃப்ளைட் மோடு சோதனையிலும் தேறியது. பக்கவாட்டில் விளம்பரம் வரும். பழைய கம்ப்யூட்டரில் பெரிய பேனர் கோப்பு திறக்கக் கொஞ்சம் மூச்சு வாங்கும். போன் திரையில் இதைக் கையாள்வது கஷ்டம். கம்ப்யூட்டருக்கு மட்டும் பரிந்துரைக்கிறேன்.

பொங்குதமிழ் எழுத்துரு மாற்றி. கடையில் பதினைந்து வருடக் கல்யாணப் பத்திரிகைகள் பாமினி முதலான பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. அவற்றிலிருந்து நாலு வரியை எடுத்து வாட்ஸப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த கந்தரகோளமாக வரும். சுரதா யாழ்வாணன் உருவாக்கிய இந்தப் பக்கத்தில் மேல் பெட்டியில் அதை ஒட்டி, எந்த எழுத்துரு என்று சொன்னால், கீழ்ப் பெட்டியில் யூனிகோடு தமிழாக வந்து நிற்கிறது. பார்க்க மிகப் பழைய காலத்துப் பக்கம். அதனால்தான் இரண்டு கோடு சிக்னலிலும் சட்டென்று திறக்கிறது. தம்பி தன் கடையில் முதல் புக்மார்க்காக வைத்திருப்பது இதைத்தான்.

எல்லை ஊருக்கென்றே செய்தது போல: அக்ஷரமுகா

பள்ளிப்பட்டு 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அன்றுதான் திருத்தணியோடு சேர்ந்து தமிழகத்துக்கு வந்தது. கோடு மாறியதே தவிர உறவுகள் மாறவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் நகரி, புத்தூர் பக்கம் இன்றும் நடக்கிறது. வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்ந்தவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு. எங்களில் பலருக்குத் தெலுங்கு சரளமாகப் பேச வரும். ஒரு எழுத்துப் படிக்க வராது.

ஆடி முடிந்து முகூர்த்தக் காலம் வந்தால் தம்பி கடையில் இந்தச் சிக்கல் எழும். பெண் வீட்டார் நகரியிலிருந்து உறவினர் பெயர்ப் பட்டியலைத் தெலுங்கு எழுத்தில் அனுப்புவார்கள். பத்திரிகை தமிழில் அடிக்க வேண்டும். முன்பெல்லாம் தம்பி பட்டியலை எடுத்துக்கொண்டு, தெலுங்கு படிக்கத் தெரிந்த ஒரு பெரியவர் வீட்டுக்குப் போவான். இப்போது அக்ஷரமுகா டாட் காம் போகிறான்.

வினோத் ராஜன் என்ற தமிழர் உருவாக்கிய எழுத்துமுறை மாற்றி இது. நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்துமுறைகளைத் தமக்குள் மாற்றித் தருகிறது. இது மொழிபெயர்ப்பு செய்வதில்லை. ஒலியை அப்படியே வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் மாற்றுகிறது. வாட்ஸப்பில் வந்த பட்டியலை இடப்பெட்டியில் ஒட்டி, தெலுங்கிலிருந்து தமிழுக்கு என்று தேர்ந்தெடுத்தோம். நாற்பத்திரண்டு பெயர்களும் ஒரே சொடுக்கில் தமிழில் நின்றன.

கிட்ட நின்று பார்க்க வேண்டிய இடம் இது. தெலுங்கில் 'பாபு' என்ற பெயரில் வரும் இரண்டு எழுத்தும் மெல்லிய ஒலி. தமிழில் அதற்குத் தனி எழுத்து இல்லை. எனவே அக்ஷரமுகா அதை 'பா³பு³' என்று சின்ன எண் போட்டுக் காட்டுகிறது. உச்சரிப்பு தெரிய வேண்டியவர்களுக்கு அந்த எண் பொக்கிஷம். பத்திரிகையில் அடிக்க அது வேண்டாம் என்றால், எண்களை நீக்கும் விருப்பம் கீழேயே இருக்கிறது; டிக் செய்தால் வெறும் 'பாபு' ஆகிவிடும்.

திரும்பும் வழியில் கவனம் வேண்டும். தமிழில் 'பாபு' என்று எழுதித் தெலுங்குக்கு மாற்றினால், வல்லொலி எழுத்தாகவே போய் நிற்கும். தெலுங்கர் படித்தால் சிரிப்பார்கள். தமிழ் எழுத்தில் இல்லாத தகவலை எந்த மென்பொருளும் தானாக வரவழைக்க முடியாது. தமிழிலிருந்து தெலுங்குக்குப் போகிற பட்டியலைத் தெலுங்கு தெரிந்தவரிடம் காட்டாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

கிரந்தம், பிராமி எழுத்துகளும் இதில் உண்டு. தம்பியின் மகள் தன் பெயரைப் பிராமியில் மாற்றிக் கணக்கு நோட்டின் அட்டையில் வரைந்து வைத்திருக்கிறாள். அந்த வாரம் முழுவதும் அவள் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் பெயரோடு கடைக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

சொல்லின் வேர் தேட: சிகாகோ அகராதிகள்

சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்நூலகத்தில் நம் பழைய அகராதிகள் வரிசையாக இருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகன், 1862இல் வந்த வின்ஸ்லோ அகராதி, பெப்ரீசியஸ் அகராதி, தெலுங்குக்கு சி. பி. பிரவுன் அகராதி என்று எல்லாவற்றையும் தட்டித் தேடலாம். லெக்சிகனில் ஆங்கிலப் பொருளோடு தமிழ்ப் பொருளும் இருக்கும்.

எங்கள் ஊருக்கு இதில் பெரிய சொத்து, பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி. 1961இல் முதலில் வந்தது. 1984இல் வந்த திருத்திய பதிப்பு இணையத்தில் இருக்கிறது. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவன் என்பதால் நான் முதலில் தேடிய சொல் 'நெய்'. தமிழில் நெய்தல், மலையாளத்தில் நெய்க, கன்னடத்தில் நேய், தெலுங்கில் நேயு என்று ஒரே பத்தியில் அண்ணன் தம்பிகளாக நின்றன. எங்கள் வீட்டில் பாட்டி 'நேத' என்பார். பள்ளியில் 'நெசவு' என்று எழுதினேன். இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதை ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் ஒரு திரையில் பார்த்தபோது பாட்டியிடம் சொல்ல முடியவில்லையே என்று இருந்தது.

இந்த அகராதியில் எல்லா மொழிச் சொல்லும் ரோமன் எழுத்தில், மேலே கோடும் கீழே புள்ளியுமாக இருக்கும். பழக ஒரு மாலைப்பொழுது வேண்டும், கொடுக்கலாம்.

நெசவாளருக்கு ஒரு களஞ்சியம்

பொதட்டூர்பேட்டை, அத்திமாஞ்சேரிபேட்டை, அம்மையார்குப்பம் என்று எங்களைச் சுற்றி இருப்பவை தறி ஊர்கள். அதனால் நெசவுக்கு ஏதாவது தளம் இருக்கிறதா என்று தேடினேன். நான் நினைத்ததைவிடப் பெரிய புதையல் கிடைத்தது.

ரால்ஃப் கிரிஸ்வால்ட் என்ற அமெரிக்கர் ஸ்னோபால், ஐகான் என்ற நிரல்மொழிகளை உருவாக்கிய கணினி அறிஞர். ஓய்வுக் காலத்தில் அவர் நெசவு வடிவங்களில் மனம் வைத்து, உலகெங்குமுள்ள பழைய நெசவுப் புத்தகங்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து அரிசோனா பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாக வைத்தார். 2006இல் அவர் மறைந்த பிறகும் அந்தத் தொகுப்பு நிற்கிறது. அந்த வேலையோடு சேர்ந்து வளர்ந்தது ஹேண்ட்வீவிங் டாட் நெட். கிரிஸ் புரூலண்ட் நடத்தும் இந்தத் தளத்தில் நூறாண்டு பழைய ஜெர்மன் வடிவப் புத்தகங்கள் உட்படப் பல்லாயிரம் நெசவுக் கட்டங்கள் இருக்கின்றன.

அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டும் உறவுக்காரப் பெரியவர் ஒருவரிடம் கடைக் கம்ப்யூட்டரில் இதைக் காட்டினேன். ஒரு கட்டம் திறந்தது. மேலே நீளமாக ஒரு பட்டை: எந்தப் பாவு இழையை எந்த விழுதுச் சட்டத்தில் கோக்க வேண்டும். பக்கவாட்டில் ஒரு பட்டை: எந்த வரிசையில் மிதிக்க வேண்டும். மூலையில் சின்னக் கட்டம்: எந்த மிதி எந்தச் சட்டத்தோடு கட்டியிருக்கிறது. நடுவில் பெரிதாக, துணி எப்படி விழும் என்ற படம். கறுப்புக் கட்டம் என்றால் பாவு மேலே. வெள்ளை என்றால் ஊடை மேலே. ஆங்கிலத்தில் அங்கே எழுதியிருந்த ஒரு சொல்லையும் அவர் படிக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு அரை நிமிடம் பார்த்தார்.

“தம்பி, இது எங்க மாஸ்டர் நோட்டுல போடற கணக்குதானே! நாலு சட்டத்துல ட்வில். இங்க பாரு, இங்க திருப்பியிருக்கான். அதான் மீன்முள்ளு மாதிரி விழுது” என்றார்.

பிறகு அவர் கேட்டது ஒன்றுதான்: “இதுல எட்டுச் சட்டத்துக்குள்ள வர்றது மட்டும் காட்டுமா?” சட்ட எண்ணிக்கையை வைத்து வடிகட்டித் தேடலாம். காட்டினேன். ஒரு மணி நேரம் அவர் எழுந்திருக்கவில்லை. பார்டருக்கு ஆகும் என்று ஆறு கட்டங்களைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போனார்.

உலகத்தின் எந்த மூலையில் நெய்தாலும் நெசவுக் கணக்கு ஒன்றே என்பதால் இந்தத் தளத்துக்கு மொழி தடையாக இல்லை. ஹேண்ட்வீவிங்கில் கூடுதல் வசதிகள் சிலவற்றுக்குச் சந்தா கேட்பார்கள். காசு வேண்டாம் என்பவர்கள் அரிசோனா தொகுப்பிலிருந்து பழைய புத்தகங்களை முழுதாக இறக்கிக்கொள்ளலாம். கோப்புகள் பெரியவை, போன் டேட்டாவில் இறக்காமல் வைஃபை உள்ள இடத்தில் இறக்குங்கள்.

ஐடிஐ பிள்ளைகளுக்கு

எங்கள் ஊர் மாவட்டத்தின் மேற்கு மூலை. கும்மிடிப்பூண்டி சிப்காட் வடகிழக்கு மூலை. நடுவில் முழு மாவட்டமும் கிடக்கிறது. ஆனாலும் ஐடிஐயும் டிப்ளமோவும் முடித்த பிள்ளைகள் அங்கேதான் போகிறார்கள். அவர்களில் ஒருவனான அக்கா மகன் அப்ரன்டிஸ். அவனிடம் பார்டோஷ் சீகனோவ்ஸ்கியின் தளத்தைக் கொடுத்தேன்.

இவர் அரிதாகத்தான் கட்டுரை எழுதுகிறார். கியர் பற்றி 2020இல், எஞ்சின் பற்றி 2021இல், கைக்கடிகாரம் பற்றி 2022இல், சைக்கிள் பற்றி 2023இல். ஒவ்வொரு கட்டுரையிலும் பத்துக் கணக்கில் படங்கள்; எல்லாமே விரலால் இழுத்தால் சுழலும், திரும்பும், நிற்கும். எஞ்சின் கட்டுரையில் கிராங்கைச் சுற்றினால் பிஸ்டன் ஏறி இறங்கும். வால்வு எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்பதை நம் வேகத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். விளம்பரம் ஒன்றுகூட இல்லை. “இரண்டு வருஷம் போர்டுல பார்த்தேன் மாமா, இன்னிக்குத்தான் ஓடுது” என்று அவன் செய்தி அனுப்பினான்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃபெட். இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய செயல்விளக்கத் தொகுப்பு. மின்சுற்றுப் பகுதியில் பேட்டரி, பல்பு, வயர் ஆகியவற்றை இழுத்து இணைத்தால் எலக்ட்ரான்கள் ஓடுவது தெரியும். தவறாக இணைத்தால் தீப்பிடிக்கும், திரையில் மட்டும். பல செயல்விளக்கங்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாத பள்ளி ஆய்வகத்திலும் ஓடும். அறிவியல் ஆசிரியர்கள் ஒரு பென்டிரைவில் போட்டு வைத்துக்கொள்ள வேண்டியது.

ஒரு மழைத்துளியின் பின்னால்: ரிவர் ரன்னர்

பொழுதுபோக்குக்கு என்று திறந்து, பாடமாக முடிந்த தளம் இது. சாம் லேர்னர் என்பவர் 2021இல் முதலில் அமெரிக்காவுக்கு மட்டும் செய்தார். பிறகு உலகம் முழுவதற்கும் விரித்தார். வரைபடத்தில் எந்த இடத்தைத் தொட்டாலும் அங்கே ஒரு மழைத்துளி விழும். அது எந்த ஓடையில் சேர்ந்து, எந்த ஆற்றில் கலந்து, எந்தக் கடலுக்குப் போகிறது என்று பறவைப் பார்வையில் நம்மைக் கூடவே கூட்டிப்போகும்.

ஊருக்கு மேற்கே இருக்கும் மலைச் சரிவில் துளியை விட்டேன். பாறையும் புதருமான சரிவில் இறங்கி, கரும்பு வயல்களைத் தாண்டி, கொசஸ்தலை ஆற்றில் கலந்தது. நாங்கள் ஐப்பசி கார்த்திகையில் தரைப்பாலம் முழுகிவிட்டதா என்று கரையில் நின்று பார்க்கிற அதே ஆறு. அங்கிருந்து கிழக்கே ஓடிப் பூண்டி நீர்த்தேக்கம். அதற்கும் கீழே தாமரைப்பாக்கம், வல்லூர் வழியாக எண்ணூரில் வங்கக்கடல். 136 கிலோமீட்டர் ஆறு என்று படித்ததை, வளைவு வளைவாகப் பறந்து பார்த்தது இதுவே முதல் முறை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். தளம் நில மட்டத்தின் சரிவை மட்டுமே பின்பற்றுகிறது. அணை, மதகு, கால்வாய் அதற்குத் தெரியாது. உண்மையில் நம் துளி பெரும்பாலும் எண்ணூர் வரை போவதில்லை. 1944இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கத்தில் அது தங்குகிறது. சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர் பெற்ற அந்த ஏரியிலிருந்து இணைப்புக் கால்வாயில் செம்பரம்பாக்கத்துக்கும், தாமரைப்பாக்கம் அணைக்கட்டு வழியே சோழவரம், புழல் ஏரிகளுக்கும் போய், கடைசியில் சென்னைக் குழாயில் வருகிறது. பள்ளிப்பட்டு மலையில் பெய்த மழையைத்தான் சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் பிள்ளைகள் குடிக்கிறார்கள். இதைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஒரு பெரியவர் இருந்தால், புவியியல் வகுப்புக்கு இதைவிட நல்ல கருவி இல்லை.

சின்ன ஓடைகள் பலவற்றுக்குப் பெயர் வராது. முப்பரிமாணப் படம் என்பதால் போன் சூடாகும், டேட்டாவும் கரையும். கம்ப்யூட்டரில் பாருங்கள்.

மழை நாளுக்கு: ஜூம் எர்த்

செயற்கைக்கோள் மேகப் படத்தைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக் காட்டும் தளம். வங்கக்கடலில் புயல் இருந்தால் அதன் பாதையும் வரும். கொல்லைப்புறத்தில் நெல் காய வைத்திருப்பவரும், சாயம் போட்ட நூலை வெயிலில் கட்டியிருப்பவரும் காலையில் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம். ஆனால் மேகம் தெரிவது வேறு, ஆற்றில் வெள்ளம் வருவது வேறு. எல்லைக்கு அப்பால் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால், நம் ஊரில் சொட்டு மழை இல்லாமலே கொசஸ்தலையில் தண்ணீர் வந்துவிடும். அதை எந்த மேகப் படமும் சொல்லாது. வெள்ள அறிவிப்புக்கு வானிலை ஆய்வு மையத்தையும் வருவாய்த் துறையையும் மட்டுமே கேளுங்கள்.

காதுக்கும் கண்ணுக்கும்

ரேடியோ கார்டன், நெதர்லாந்தில் 2016இல் பிறந்த தளம். பூமி உருண்டையைச் சுழற்றினால் பச்சைப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு ஊரின் வானொலி. அப்பா காலத்தில் இலங்கை வானொலியைப் பிடிக்க ரேடியோவைத் திண்ணையில் இப்படியும் அப்படியும் திருப்பி வைப்பார்கள். இன்று கொழும்பின் மேல் விரலை வைத்தால் போதும். கோலாலம்பூர், சிங்கப்பூர், டொராண்டோ என்று தமிழ் ஒலிக்கும் ஊர்களுக்குப் போய் வரலாம். 128 கேபிபிஎஸ்ஸில் ஒலிபரப்பும் நிலையம் ஒரு மணிக்கு ஏறத்தாழ 58 எம்பி எடுக்கும்; கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நீல் அகர்வாலின் நீல் டாட் ஃபன் பிள்ளைகளுக்கு. அதில் ஆழ்கடல் என்ற பக்கத்தை மட்டும் சொல்கிறேன். விரலால் கீழே தள்ளத் தள்ளக் கடலுக்குள் இறங்குவோம். அந்தந்த ஆழத்தில் வாழும் உயிர்கள் வந்துகொண்டே இருக்கும். திமிங்கலத்தைத் தாண்டி, வெளிச்சம் போய், பதினோரு கிலோமீட்டருக்குப் பக்கத்தில் தரை தட்டும்வரை தம்பி மகள் பேசவே இல்லை.

படிக்க மூன்று நூலகங்கள். பணம் எதிர்பாராத தன்னார்வலர் உழைப்பில் 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களுக்கு. 2005 முதல் இயங்கும் நூலகம் டாட் ஆர்க், ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், அச்சில் கிடைக்காத அரிய புத்தகங்களுக்கு. பதிவு செய்யாமலே படிக்கலாம்.

எதை முதலில் வைப்பது?

தேர்வு எழுதும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஸ்குவூஷ் கட்டாயம். கடை வைத்திருப்பவருக்கு ஃபோட்டோபீ, பொங்குதமிழ், அக்ஷரமுகா. தறி வீட்டுக்கு ஹேண்ட்வீவிங். ஆசிரியருக்கு ஃபெட், ரிவர் ரன்னர். எனக்கு ஒன்றே ஒன்றுதான் என்றால் சிகாகோ அகராதியை வைத்துக்கொள்வேன்.

போனில் குரோம் திறந்து, மேலே மூன்று புள்ளியைத் தொட்டால் நட்சத்திரக் குறி வரும். அதைத் தொட்டால் புக்மார்க் ஆகிவிடும். அதே பட்டியலில் முகப்புத் திரையில் சேர்க்கும் வசதியும் உண்டு. அப்படிச் சேர்த்தால் ஆப் போலவே சின்னம் வந்து உட்காரும். இடத்தை அடைக்காது, அனுமதி கேட்காது. பெயரைத் தேடிப் போகும்போது விளம்பரம் என்ற குறியோடு வருவதைத் தொடாதீர்கள்; ஒத்த பெயரில் வேறு தளங்கள் காத்திருக்கும்.

இந்தத் தளங்களில் பலவற்றை ஒருவர் தனியாகவோ நாலைந்து பேர் சேர்ந்தோ உழைத்து நிறுத்தியிருக்கிறார்கள். நம்மிடம் எதையும் கேட்காததால்தான் அவற்றை விளம்பரப்படுத்தவும் ஆளில்லை. ஒரு வாயிலிருந்து இன்னொரு காதுக்குப் போனால்தான் அவை வாழும். எனவே ஒரு முழுத்தாளில் பன்னிரண்டு முகவரிகளைப் பெரிய எழுத்தில் அடித்து, தம்பி கடையின் கண்ணாடிக் கதவில் ஒட்டினேன். போன வாரம் போனபோது தாளின் அடியில் பேனாவில் இரண்டு முகவரிகள் புதிதாக ஏறியிருந்தன. கையெழுத்து என்னுடையதும் இல்லை, தம்பியுடையதும் இல்லை. இரண்டையும் குறித்துக்கொண்டு வந்து, ஃப்ளைட் மோடில் போட்டுச் சோதித்துக்கொண்டிருக்கிறேன்.